அவர் எழுந்தார், நமக்கு என்ன?

வேத பாடம்: லேவியராகமம் 23:9-16, 1 கொரிந்தியர் 15:12-23, 35-44



2022-ஆம் வருஷம் குருத்தோலை ஞாயிறு அன்று சாயங்காலம் நம்முடைய வாலிபர் வேதபாட வகுப்பில் நடந்த ஒரு காரியத்திலிருந்து இந்தப் பாடத்தை ஆரம்பிக்கிறேன்.

வகுப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பாதிப்பேர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்கிற பிள்ளைகள். ஒரு வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் நைட் ஷிப்ட். அரைத் தூக்கத்தோடுதான் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். அன்றைக்கு நான் வெறுமையான கல்லறையைப் பற்றி எடுத்தேன். கல் புரண்டது, காவற்காரர் நடுங்கினது, ஸ்திரீகள் ஓடினது எல்லாம் சொல்லி முடித்து, "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்றேன். வழக்கமாக ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அன்றைக்குத் தென்மாவட்டத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற ஒரு தங்கை கேட்டாள்:

"அண்ணே, கோவிச்சுக்க மாட்டீங்களே? இயேசப்பா எழுந்தாரு, சந்தோஷம். ஆனா அது அவருக்கு நடந்தது. எங்க அப்பா போன வருஷம் செத்துட்டாரு. அவருக்கு என்ன?"

நான் ஏதோ பதில் சொன்னேன். "அப்பா ஆண்டவரோட இருக்காரும்மா" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. அவளுக்கும் அது தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஏனென்றால் அதே கேள்வியை நானும் பதினொரு மாதமாக நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

என் தாயார் 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் மரித்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் முப்பது வருஷத்துக்கு மேல் நடவு நட்ட கை அவர்களுடையது. அடக்கத்தின்போது அந்தக் கையைத் தொட எனக்கு அனுமதி இல்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். கவச உடை போட்ட நாலு பேர் இறக்கினார்கள். நான் தூரத்தில் நின்றேன். பாஸ்டர் ஐயா மாஸ்க் போட்டுக்கொண்டு பண்ணின ஜெபம் காற்றில் பாதிதான் கேட்டது. அன்று இரவு ஒரு மூத்த விசுவாசி போன் பண்ணி, "அழாதீங்க பிரதர். உடம்புதானே, வெறும் கூடு. அம்மா மேல போயிட்டாங்க" என்று ஆறுதல் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது இறங்கவில்லை. கூடா? அந்தக் கூடுதானே எனக்குப் பால் கொடுத்தது? அந்தக் கூட்டின் முழங்கால்தானே விடியற்காலம் நாலு மணிக்கு எனக்காகத் தரையில் தேய்ந்தது?

தேவ பிள்ளைகளே, அந்தத் தங்கையின் கேள்வி புதிது அல்ல. ஏறக்குறைய கி.பி. 55-ல் பவுல் அப்போஸ்தலன் எபேசுவிலிருந்து கொரிந்து சபைக்கு எழுதினபோது, அந்தச் சபையிலும் இதே இடத்தில்தான் ஆள் நின்றார்கள். நாம் 1 கொரிந்தியர் 15-ஐ வாசிக்கும்போது ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். இயேசு உயிர்த்தெழவில்லை என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. அதை விசுவாசித்துத்தான் அவர்கள் சபையில் சேர்ந்தார்கள். மரித்த விசுவாசிகள் எழுந்திருப்பார்கள் என்பதைத்தான் சிலர் மறுத்தார்கள் (வச. 12). கிரேக்க ஊரல்லவா? ஆத்துமா மேலானது, சரீரம் சிறைச்சாலை என்று கேட்டு வளர்ந்தவர்கள். சரீரம் ஏன் திரும்ப வரவேண்டும் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

அதற்குப் பவுல் சொன்ன பதிலின் போக்கைப் பாருங்கள். "கிறிஸ்து எழுந்தார், ஆகையால் நீங்களும் எழுந்திருப்பீர்கள்" என்று அவன் ஆரம்பிக்கவில்லை. தலைகீழாகத் திருப்புகிறான். மரித்தோர் எழுந்திருப்பது இல்லையென்றால் கிறிஸ்துவும் எழவில்லை என்கிறான் (வச. 13, 16). அதாவது, உன் அப்பா எழுந்திருக்கப்போவதில்லை என்றால் கல்லறை இன்னும் காலியாகவில்லை! இரண்டையும் பிரிக்க அவன் சம்மதிக்கவே இல்லை. ஏன் இவ்வளவு பிடிவாதம்? 20-ஆம் வசனத்தில் ஒரே ஒரு வார்த்தை அதற்குக் காரணம் சொல்லுகிறது. முதற்பலன்.

அந்த வார்த்தைக்குள் போவதற்கு முன்னே ஒரு சின்ன விஷயம். "பெந்தெகொஸ்தேக்காரங்க ஈஸ்டர் கொண்டாடலாமா?" என்று நம்மில் சிலர் கேட்பது உண்டு. அது அந்நிய தேவதையின் பெயர் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. 8-ஆம் நூற்றாண்டில் பீட் என்ற இங்கிலாந்து தேசத்துச் சந்நியாசி, ஈயோஸ்திரே என்ற தேவதையின் பெயரில் இருந்த ஒரு மாதத்திலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று எழுதிவைத்தது மெய்தான். ஆனால் அது இங்கிலீஷ்காரர், ஜெர்மானியர் பிரச்சினை. கிரேக்கு, லத்தீன், சீரியா சபைகள் ஆதிமுதல் இந்த நாளைப் பஸ்கா என்றே சொல்லிவந்தன. 1611-ல் வெளிவந்த இங்கிலீஷ் வேதாகமம் அப்போஸ்தலர் 12:4-ல் ஈஸ்டர் என்று போட்டது. நம் கையில் இருக்கிற தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் பஸ்கா என்றே போட்டிருக்கிறது. தேதியும் ஒன்றும் மர்மம் அல்ல. கி.பி. 325-ல் நிசேயாவில் கூடின சங்கம் எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறன்று ஆசரிக்கவேண்டும் என்று தீர்மானித்தது. வசந்தகாலப் பௌர்ணமிக்குப் பிறகு வரும் ஞாயிறு என்பதால் நமக்கு அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவே அசைந்துகொண்டிருக்கிறது.

"நமக்கு எல்லா ஞாயிறும் உயிர்த்தெழுந்த ஞாயிறுதான்" என்று நம் பிதாக்கள் சொன்னதும் சத்தியமே. ஆனால் அனுபவத்தில் நான் கண்டது, எல்லா ஞாயிறுக்கும் உரியது என்று விட்டுவிட்டால் ஒரு ஞாயிறும் அதைப் போதிக்கிறதில்லை. நம் சபையில் கடைசியாக எப்போது சரீர உயிர்த்தெழுதலைப் பற்றி முழுப் பிரசங்கம் கேட்டீர்கள்? யோசித்துப் பாருங்கள்.

இப்போது முதற்பலனுக்கு வருவோம். லேவியராகமம் 23-ஐ எடுங்கள். பஸ்காவை ஒட்டி யூதேயாவில் வாற்கோதுமை விளையும். அறுப்புக்கு வந்த வயலில் எல்லாவற்றுக்கும் முன்னே ஒரு கதிர்க்கட்டை அறுத்து ஆசாரியனிடத்தில் கொண்டுவர வேண்டும். அவன் அதைக் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்டுவான். என்றைக்கு? ஓய்வுநாளுக்கு மறுநாள் (வச. 11). அது எந்த ஓய்வுநாள் என்று யூதர்களுக்குள்ளே பெரிய வாக்குவாதம் இருந்தது. வாரத்தின் ஓய்வுநாள் என்று சதுசேயரும், பண்டிகையின் முதல் நாள் என்று பரிசேயரும் எண்ணினார்கள். ஆனால் யோவான் சொல்லும் கணக்கின்படி ஆண்டவர் மரித்த வருஷத்தில் இரண்டும் ஒரே நாளில் விழுந்தது. அந்த ஓய்வுநாள் பெரிய நாளாக இருந்தது என்கிறான் (யோவான் 19:31). ஆகவே யாருடைய கணக்கு சரியாக இருந்தாலும் கதிர்க்கட்டு அசைவாட்டப்பட வேண்டிய நாள், மகதலேனா மரியாள் இருட்டோடே கல்லறைக்குப் போன அந்த ஞாயிறுதான். அல்லேலூயா!

என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த வசனத்தை ஒருநாள் நான் வாசித்துக் காட்டினபோது, "முதக் கட்டு எந்த வயல்ல அறுத்தது?" என்று கேட்டார்கள். "அவங்கவங்க வயல்லதாம்மா" என்றேன். "அப்போ மிச்சமும் அதே நெல்லுதானே" என்றார்கள். அன்றைக்கு நான் சிரித்துக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன். இப்போது அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஏரிப் பாசனத்தில் நவரைப் பட்டம் வைத்தவர்களுக்கு இது தெரியும். ஒரு வயலில் முதல் அரிவாள் பட்டு வருகிற கட்டும், மூன்றாம் நாள் கடைசியில் களத்துக்கு வருகிற கட்டும் வேறு வேறு ஜாதி நெல்லாக இருக்காது. ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே அறுப்பு. முதல் கட்டு களத்துக்கு வந்துவிட்டால் அறுப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மீதி நிற்கிறது, அவ்வளவுதான்.

பவுல் சொல்வது இதுவே. கிறிஸ்து நமக்கு உதாரணமாக எழுந்தார் என்றோ, நம்மை ஆறுதல்படுத்த எழுந்தார் என்றோ மாத்திரம் அவன் சொல்லவில்லை. அவர் நம்முடைய வயலின் முதல் கட்டு. அந்தத் தங்கையின் அப்பாவும் என் அம்மாவும் கிறிஸ்துவுக்குள் மரித்தவர்களானால், அதே வயலில் இன்னும் அறுக்கப்படாமல் நிற்கிற கதிர். ஆகவே அது அவருக்கு மட்டும் நடந்த காரியம் அல்ல. மீதிக் கதிர் வராது என்று சொன்னால் முதல் கட்டும் பொய்யாகிவிடும். பவுலின் பிடிவாதத்துக்குக் காரணம் இதுதான்.

இன்னும் ஒன்று. அதே அதிகாரம் 15, 16 வசனங்களைப் பாருங்கள். கதிர்க்கட்டு அசைவாட்டின நாளிலிருந்து எண்ணத் தொடங்கி ஏழு வாரம் முடித்து, ஐம்பதாம் நாள் புதிய போஜனபலியைச் செலுத்தவேண்டும். ஐம்பதாம் நாள் என்பதற்குக் கிரேக்க வார்த்தை என்ன? பெந்தெகொஸ்தே! நம் சபைப் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோமே, அது ஒரு எண். ஐம்பது என்று எண்ணவேண்டுமானால் ஒன்று என்று ஆரம்பித்த நாள் ஒன்று இருக்கவேண்டும். ஈஸ்டர் வேண்டாம், பெந்தெகொஸ்தே மட்டும் போதும் என்கிற சகோதரர் ஐம்பதை எங்கேயிருந்து எண்ணுவார்?

அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தையும் இந்தக் கண்ணோடு வாசியுங்கள். ஜனங்கள் பாஷைகளைப் பற்றித்தான் கேட்டார்கள். பேதுரு யோவேலின் தீர்க்கதரிசனத்தைக் காட்டி அதற்குப் பதில் சொன்னான். பிறகு பிரசங்கத்தின் பெரும்பகுதியை எதற்குக் கொடுத்தான்? தாவீது மரித்து அடக்கம்பண்ணப்பட்டான், அவனுடைய கல்லறை இங்கேதான் இருக்கிறது, ஆனால் இயேசுவின் மாம்சமோ அழிவைக் காணவில்லை என்று உயிர்த்தெழுதலைப் பேசினான் (வச. 24-32). அபிஷேகம் இறங்கின முதல் நாளில் அபிஷேகம் பெற்றவனுடைய வாயில் வந்த செய்தி ஒரு சரீரத்தைப் பற்றியது. நாம் ஆவியானவரைப் பற்றிப் பேசும்போது சரீரத்தை மறந்துவிடுகிறோம். ரோமர் 8:11 அப்படிச் சொல்லவில்லை. இயேசுவை எழுப்பினவருடைய ஆவி நமக்குள் வாசமாயிருந்தால், சாவுக்கேதுவான நம்முடைய இந்தச் சரீரத்தையும் அவர் உயிர்ப்பிப்பார் என்கிறது. 23-ஆம் வசனத்தில் ஆவியானவரின் வரத்துக்கே முதற்பலன் என்று பெயர். எதற்குக் காத்திருக்கிறோம் என்றால் சரீர மீட்புக்கு. நாம் அந்நியபாஷையில் துதிக்கும்போது கையில் வைத்திருப்பது அந்த அறுப்பின் அச்சாரம்.

அப்படியானால் "வெறும் கூடு" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது கொரிந்தியர் பேச்சு, நம்மூர்ப் பேச்சும்கூட. சரீரம் பொய், ஆத்துமா மாத்திரம் மெய் என்பது நம் தேசத்துக் காற்றிலேயே கலந்தது. அதை வேத வசனம் போல நாம் துக்கவீட்டில் சொல்லிவிடுகிறோம். விசுவாசி மரித்தவுடனே கர்த்தரிடத்தில் சேருகிறான் என்பது உண்மை. பவுலும் அப்படியே வாஞ்சித்தான் (பிலிப்பியர் 1:23). ஆனால் அது கடைசி அதிகாரம் அல்ல. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம்மை ஆவி என்று நினைத்துப் பயந்த சீஷருக்குக் கையையும் காலையும் காட்டினார், தொட்டுப் பார்க்கச் சொன்னார், அதற்கும் அவர்கள் நம்பாதபோது மீன் வாங்கி அவர்களுக்கு முன்பாகச் சாப்பிட்டார் (லூக்கா 24:37-43). கூடு வெறுமையானது என்றால் அவர் ஏன் கூட்டோடு வரவேண்டும்?

நைட் ஷிப்ட் பிள்ளைகளுக்கு நான் யோவான் 21-ஐத்தான் அடிக்கடி சொல்லுவேன். இராமுழுதும் வேலை செய்து வலையில் ஒன்றும் இல்லாமல், கண் எரிய, விடியற்காலம் கரைக்கு வருகிறார்கள். மரணத்தை ஜெயித்தவர் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார்? கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிறார். பசி தெரிந்தவர். கம்பெனி பஸ்ஸில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டே வருகிற பிள்ளைக்கு இந்த ஆண்டவரைப் புரியும்.

காயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் பூந்தமல்லியிலிருந்து போரூர் வழியாகப் போகிற மவுண்ட் ரோடு எங்கே முடிகிறது? பரங்கிமலையில். தோமா அப்போஸ்தலன் கி.பி. 72-ல் அங்கே இரத்தசாட்சியாக மரித்தான் என்பது பாரம்பரியம். பாரம்பரியத்தை நாம் வேதத்துக்குச் சமமாக வைப்பதில்லை, மதிப்போடு கேட்டுக்கொள்ளுவோம். வேதத்தில் இருப்பது இது: பத்துப் பேர் சொல்லியும் அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. காயத்தில் விரல் போட்டாலொழிய நம்பமாட்டேன் என்றான். எட்டு நாள் கழித்து ஆண்டவர் வந்து, அவன் கேட்ட அதே காயத்தை நீட்டினார் (யோவான் 20:24-28). அவர் நினைத்திருந்தால் வடு இல்லாத சரீரத்தோடு எழுந்திருக்கக்கூடாதா? சிலுவையில் தொங்கின சரீரமே எழுந்தது என்பதற்கு வடுவே அடையாளம். ஆகவே எங்கள் அம்மாவின் கையை நான் மறுபடியும் காணும்போது, அது வேறு யாருடைய கையாகவும் இருக்காது என்று விசுவாசிக்கிறேன்.

சிலர் ஈஸ்டர் என்றால் வசந்தகாலம், புதுத் துளிர், நம்பிக்கை பிறப்பது என்று அழகாகப் பேசி முடிப்பார்கள். அப்படிப்பட்ட பிரசங்கத்தை நான் 2019-க்குப் பிறகு கேட்கச் சகிப்பதில்லை. அந்த வருஷம் ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில், இலங்கையில் கொழும்பு கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் ஆராதனை நடுவே குண்டு வெடித்தது, ஹோட்டல்களிலும் வெடித்தது. மட்டக்களப்பில் நம்மைப்போலவே தமிழில் ஆராதிக்கிற சீயோன் சபையின் வளாகத்தில் வெடித்தது. அன்று மரித்தவர்கள் எல்லா இடத்திலும் சேர்த்து 260-க்கும் மேல். சீயோன் சபையில் மரித்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகள். புது உடுப்பு உடுத்தி ஈஸ்டருக்கு வந்த அந்தப் பிள்ளைகளின் தாய்மாரிடத்தில் போய்த் துளிரைப் பற்றிப் பேச முடியுமா? அந்தப் பிள்ளைகளின் சரீரத்தைத் தேவன் திரும்ப எழுப்புவார் என்று சொல்லலாம், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு வரலாம். நடுவிலே ஒன்றும் இல்லை. பவுலும் அதையே சொன்னான்: இந்த ஜீவனுக்காக மட்டும் நம்பினோமானால் நம்மைவிடப் பரிதாபமானவர்கள் கிடையாது (வச. 19).

அழக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. "விசுவாசி அழலாமா?" என்று கண்ணீர் விடுகிறவர்களைக் கடிந்துகொள்ளுகிற பழக்கம் நமக்குள் இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டும். லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே ஆண்டவர் அழுதார். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினதும் துக்கப்படாதிருங்கள் என்று மாத்திரம் அல்ல, நம்பிக்கையில்லாதவர்களைப்போல் துக்கப்படாதிருங்கள் என்றே (1 தெச. 4:13).

எப்படிப்பட்ட சரீரம் என்று கேட்பீர்கள். கொரிந்தியரும் கேட்டார்கள். அதற்குப் பவுல் வயலைத்தான் மறுபடி காட்டினான் (வச. 36-44). விதைக்கிறது வெறும் மணி; முளைத்து வருவது அந்த மணிதான், ஆனால் அப்படியே அல்ல. அடக்கம்பண்ணுவதற்கு அவன் போடுகிற வார்த்தை விதைத்தல். என் தாயார் விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி, மேலே பாரம் வைப்பார்கள். சின்ன வயதில் நான் அவசரப்பட்டுப் பிரித்துப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன். உள்ளே சூடாக இருக்கும், ஒரு வாடை அடிக்கும். கெட்டுப்போச்சு என்று நினைப்பேன். மறுநாள் வெள்ளை முளை விட்டிருக்கும்.

மறு ஞாயிறு, ஏப்ரல் 17, அதிகாலை ஆராதனை முடிந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தத் தங்கையைத் தேடிப்போய், முன் வாரம் சொன்ன பதில் போதாது என்று ஒத்துக்கொண்டு, இவ்வளவையும் சொன்னேன். அவள் நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தாள். கேட்டுவிட்டு, "அப்போ அப்பாவோட குரலும் அப்படியேதான் இருக்குமாண்ணே?" என்றாள். மரியாளைப் பெயர் சொல்லி அழைத்தபோதுதானே அவள் ஆண்டவரை அறிந்துகொண்டாள் என்று யோவான் 20:16-ஐக் காட்டினேன். அதை அவள் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே அம்மாவின் கல்லறைக்குக் கல் வெட்டக் கொடுத்தேன். அதுவரை மனது வரவில்லை. பூந்தமல்லியில் கல் வெட்டுகிறவர் வழக்கம்போலத் தோற்றம், மறைவு என்று எழுதிக் காட்டினார். "மறைவு வேண்டாங்க, நித்திரைன்னு வெட்டுங்க" என்றேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "ஒரு எழுத்து கூட வருது சார், எழுத்துக்கு இவ்ளோன்னுதான் ரேட்டு" என்றார். சரி என்று கொடுத்துவிட்டு வந்தேன்.